குருவி பார்க்க வந்த துரை

"குருவி பார்க்கவா? இந்தக் குளிர்லயா?" என்று சடச்சி தன் எருமையிடம்தான் கேட்டாள்.

எருமை காதை ஆட்டியது. அதற்கே நம்பிக்கை இல்லை.

காலாங் சதுப்பு முழுக்கப் பனிமூட்டம். மார்கழித் தூறல் விட்டும் விடாமலும் விழுந்துகொண்டிருந்தது. சேற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் துரை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாட்டி, கண்ணில் தூரக்கண்ணாடியை வைத்தபடி நின்றார். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு இராயப்பன் கிராணி. கோர்ட்டில் துரைக்கு எழுத்து வேலை பார்ப்பவன்.

"வடக்கே பனி தாங்காமல் கடல் கடந்து வந்துள்ள பறவைகள், அம்மணி. துரையவர்கள் அவற்றைக் காண வந்துள்ளார்" என்று வந்தவுடனேயே விளக்கம் சொல்லியிருந்தான்.

ஓடி வந்ததுகளுக்கு இம்புட்டு மரியாதையா என்று நினைத்துக்கொண்டாள் சடச்சி.

கையில் துப்பாக்கி இருந்தால் நம்பியிருப்பாள். சுட்டுத் தின்னட்டும் என்று விட்டிருப்பாள். வலை இருந்தாலும் சரி. சும்மா பார்க்கவாம். பார்த்து என்ன செய்வானாம்? சம்பந்தம் பேசப் போறானா?

குருவியாம் குருவி. இவனுங்க ஆள் பிடிக்க வந்தவனுங்க.

சேற்றில் வேரை ஊன்றி நின்ற பாக்காவ் அலையாத்திப் புதருக்குள், இடுப்பளவு தண்ணீரில், அவள் தம்பி மருதப்பன் குத்தவைத்திருந்தான். ஜோகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒப்பந்தம் முடியும் முன்பே தப்பி வந்தவன். முதுகில் கங்காணியின் பிரம்பு இழுத்த கோடுகள் இன்னும் ஆறவில்லை. பிடிபட்டால் விலங்கு மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதே தோட்டம், அதே கங்காணி. இந்தத் தடவை முதுகோடு விடமாட்டான்.

துரையையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவர் சாதியே அப்படி. இந்த இராயப்பனைத்தான் அவளுக்குக் கண்டாலே ஆகாது.

சிராங்கூன் ரோட்டில் அவளிடம் பால் வாங்க வருவான். 'பால் இருக்கா' என்று கேட்க வாய் வராது. "பால் உள்ளதா, அம்மணி?" என்பான். அவள் புருஷனைத் தேடி வந்தால் "இல்லத்தில் உள்ளாரா?" என்பான். உடம்புக்குக் கோட்டு போட்டது பத்தாதென்று நாக்குக்கும் ஒரு கோட்டு. வெள்ளைக்காரனுக்குக் குடை பிடிக்கிற கைக்கு இந்தத் தமிழ் வேறு.

அவனுக்கு மட்டும் அவள் தாராளமாகத் தண்ணீர் கலந்துதான் ஊற்றுவாள். அந்தப் பேச்சுக்கு அது போதும்.

துரையின் கண்ணாடி மெல்லத் திரும்பியது. ஆற்றைப் பார்த்தது. கரையைப் பார்த்தது. பாக்காவ் புதருக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அசையவே இல்லை.

துரை ஏதோ முணுமுணுத்தார். கிராணி குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து அவளிடம் வந்தான். கொக்கு நடந்தால்கூட அதைவிட லட்சணமாக இருக்கும்.

கையை நீட்டிப் புதரைக் காட்டினான்.

"அங்கே, அந்தப் புதரடியில்... உள்ளானா, அம்மணி?"

சடச்சி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"இல்ல சாமி! என் தம்பி இங்க இல்ல! நேத்தே ஓடிட்டான். மாரியாத்தா மேல சத்தியமா அந்தப் புதருக்குள்ள ஆளே இல்ல!"

கிராணி அவளைப் பார்த்தான். புதரைப் பார்த்தான்.

தூறல் அவன் தொப்பி விளிம்பில் சேர்ந்து மூக்கில் சொட்டியது. துடைக்கவில்லை.

துரை அங்கிருந்தே இங்கிலீஷில் என்னவோ கேட்டார். கிராணி திரும்பி நின்று நீளமாகப் பதில் சொன்னான். துரை உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடியை உறைக்குள் போட்டுக்கொண்டு, கரையில் நின்ற குதிரை வண்டியைப் பார்த்து நடந்தார். கிராணியும் பின்னாலேயே ஓடினான்.

சடச்சிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

இவ்வளவுதானா? இதுக்கா இம்புட்டுப் படிப்பு? ஒரே ஒரு பொய். அதுவும் பதறிக்கிட்டுச் சொன்ன பொய். அதிலேயே கவிழ்ந்துட்டானே! பொய்ச் சத்தியம்தான் கொஞ்சம் உறுத்தியது. சௌத் பிரிட்ஜ் ரோட்டுக் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தால் ஆத்தா விட்டுவிடுவாள்.

கிராணி திரும்பி வந்தான். தனியாக. இப்போது கால் பார்த்து வைக்கவில்லை. சேறு கோட்டு வரைக்கும் தெறித்தது.

"என்ன கிராணியாரே, பாலு வேணுமா?" என்றாள் நக்கலாக.

"ஏ கிறுக்கி!" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ளான்னா குருவி. நம்ம ஊருச் சேத்து வயல்ல, நீள மூக்க வச்சிக்கிட்டுக் கொத்திக்கிட்டுத் திரியுமே, அது. அந்தாளுக்கு அதுன்னா பைத்தியம். அதத்தான் கேட்டேன்."

சடச்சி திரும்பிப் புதரைப் பார்த்தாள்.

"நேத்தே பறந்திருச்சாம்னு சொல்லிட்டேன். இனிமே எவன் என்ன கேட்டாலும் பொத்திக்கிட்டு இரு."

புதர்ப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் போய்விட்டான்.

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

"அக்கா," என்று புதருக்குள்ளிருந்து பல் கிட்டிய குரல் கேட்டது. "எதுக்கு வந்தானுங்களாம்?"

"பேசாம கெட" என்றாள் சடச்சி. வண்டிச் சத்தம் போன திசையைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

"குருவிக்கு வச்சிருக்கானுங்க பாரு பேரு!"