வெளியாள் கை

மருமகள் தேன்மொழி செய்த துரோகத்தைக் காளியண்ணன் தம் வீட்டு அடுப்படியிலேயே கண்டார். மிளகுக் கொடிகளுக்கு மண் அணைத்துவிட்டுத் திரும்பியவர், முன்பின் தெரியாத ஒருவன் ஸ்டூல்மேல் ஏறி நின்று சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“யாரு கூப்புட்டது இந்தாள?”

“நாந்தானுங்க மாமா. பேரு ஈஸ்வரமூர்த்தி, முள்ளுக்குறிச்சிக்காரரு. லைசென்ஸ் வாங்குன எலக்ட்ரீசியன்.” தேன்மொழி தலை குனியாமல் சொன்னாள். கிரைண்டரைத் தொட்டவளை நேற்று அது சுவரில் தூக்கி அடித்திருந்தது. முழங்கை இன்னும் வீங்கித்தான் இருந்தது.

அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் மணிவண்ணன், காளியண்ணனின் தம்பி மகன். தம்பி போன பிறகு இவர் மடியில் வளர்ந்த பிள்ளை. பங்காளி கை வைத்த வேலையில் வெளியாளைத் தொடவிட்டால், அவனைச் சபையில் நிறுத்தி வைத்து வேலை தெரியாதவன் என்று சொன்னதற்குச் சமம். வாழவந்தி நாட்டு மலையூர்களில் இந்தக் குடும்பத்தார் அப்படி யாரையும் தலைகுனிய வைத்ததில்லை.

அதற்காக அவர் விட்டுக்கொடுத்ததும் கொஞ்சமல்ல. போன மாதம் கிரைண்டரில் லேசாக ஷாக் அடித்தபோது, “செருப்புப் போட்டுக்கிட்டு அரைச்சா ஒண்ணும் ஆவாதுங்க பெரீப்பா” என்றான் மணிவண்ணன். மூன்று தலைமுறையாகச் செருப்பு நுழையாத அடுப்படி அது. அவன் சொன்னான் என்பதற்காகவே, மருமகளுக்கு ரப்பர் செருப்பைத் தம் கையாலேயே வாங்கி வந்து கொடுத்தார்.

“உனக்குப் புரியலியா கண்ணு? நாளைக்குப் பங்காளிக மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? மானம் போயிருமே!”

“மானம் ஷாக் அடிக்காதுங்க மாமா. கிரைண்டருதானுங்க அடிக்குது. நேத்து செருப்புப் போட்டுட்டுத்தான் இருந்தேன்.”

காளியண்ணன், ஊரார் வாயால் கேட்பதைவிடத் தம் வாயாலேயே தெரியட்டும் என்று மணிவண்ணனுக்குப் போன் போட்டார்.

“வாடா சாமி. உன்ற வேலைய ஒருத்தன் பிரிச்சுக்கிட்டு நிக்கிறான்.”

“எவன் அவன்? கைய எடுக்கச் சொல்லுங்க பெரீப்பா! இதா வாரேன்!”

கால் மணி நேரத்தில் பைக் வந்து நின்றது. வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தவன், அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததும் சட்டென்று அடங்கிப்போனான். உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

அவமானத்தில் பிள்ளைக்கு வாயடைத்துவிட்டது என்று காளியண்ணன் எண்ணிக்கொண்டார்.

“உள்ள வாடா.”

“இருக்கட்டுங்க பெரீப்பா. நான் அப்புறமா வாரனுங்க.”

“நில்லு. அந்தாளு என்ன சொன்னாலும் உன்ற முன்னால சொல்லட்டும்.”

ஈஸ்வரமூர்த்தி சுவரைப் பார்த்தபடியே போர்டுக்குள்ளிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்துக் காட்டினார்.

“இதப் பாருங்கய்யா, இதுதான் எர்த்து. கிரைண்டர்ல கரெண்டு கசிஞ்சா இது வழியா மண்ணுக்குப் போகோணும். இது எங்கயும் போகலீங்க. வெட்டி, சுருட்டி, உள்ள திணிச்சு வெச்சிருக்குது. வெளிய போய்ப் பாத்தேன், எர்த்துக் குழியே தோண்டலீங்க. செருப்ப நம்பியா இத்தன நாளு அரைச்சீங்க? அந்தப் பொண்ணு பொழச்சதே பெருசு.”

காளியண்ணனின் பார்வை மருமகளின் முழங்கையில் போய் நின்றது. அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆனாலும் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“முறையாப் படிச்சவன் இல்லீங்க. தெரியாமச் செஞ்சுட்டான். எங்க ரத்தம் இவன். இந்தப் பேச்சு இந்த ஊட்டத் தாண்டி வெளிய போகக் கூடாது.”

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு மணிவண்ணனின் வீடு நினைவுக்கு வந்தது. தை மாதம்தான் மணிவண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியிருந்தான். ‘ஒவ்வொரு ஒயரும் என்ற கையால இழுத்தது’ என்று அவன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னபோது, பூரித்துப்போய்த் தோளில் துண்டு போர்த்தியவர் இவர்தான்.

“ஏனுங்க, இந்தக் கிரைண்டரு கெடக்கட்டும். மொதல்ல இவன் ஊட்டுக்குப் போங்க! ரெண்டு சின்னஞ்சிறுசுக அங்க ஈரக் கையோட ஓடியாடிட்டுத் திரியுதுக. அதுவும் இவன் செஞ்ச வேலைதான். கும்புட்டுக் கேக்கறனுங்க, ஓடுங்க!”

யாரையும் கும்பிட்டுப் பழகாத கைகளைக் கூப்பினார்.

“வேண்டாங்க பெரீப்பா...” என்றான் மணிவண்ணன்.

ஈஸ்வரமூர்த்தி அப்போதுதான் ஸ்டூலிலிருந்து இறங்கித் திரும்பினார். நிலைப்படிக்கு வெளியே நின்றவனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, இவருங்களா! பயப்படாதீங்கய்யா. இவரு ஊட்டு ஒயரிங் நான் பண்ணுனதுங்க.”