பச்சை மரம்

வானத்தில் சில மாதமாக மின்னல்போல ஒரு ஒளி ஏன் வெட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. வெட்டினால் ரேடார், போன் எல்லாம் ஒரு மணி நேரம் செத்துவிடும் என்பது மட்டும் தெரியும். அதனால்தான், விண்வெளி நிலையத்தில் வேலை முடிந்து நன்மாறன் இறங்குகிற அன்று ஊரையே கடற்கரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் வரும் கலம் கடலில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும்.

இரவு ஏழரைக்கு ஒளி வெட்டியது. போன்கள் அணைந்தன. அடுத்த நொடி நெருப்புக்கோடு ஒன்று வானத்திலிருந்து சரிந்தது.

படகோட்டி சூசை இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் கத்தினார். "எந்தப் பக்கம்வே விழுந்துச்சு? சீக்கிரம் சொல்லுங்க, அரை மணி நேரந்தான் மிதக்கும்!"

ஊர்க்காரர்கள், நட்சத்திரம் விழுந்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையோரப் பூவரசைப் பார்த்து நின்றார்கள்.

"ஏ துளசி, ஒம் மாப்பிள்ளைல்லா வாரான்! நீயாவது பாத்தியாம்மா?"

துளசி திரும்பினாள். கடல் முழுக்க இருட்டாக இருந்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு நான்தாண்ணே மொதல்ல மரத்தப் பாத்தேன்."