பதினாலாம் நம்பர் ரூம்

"மணி ரெண்டாகப் போகுது. இன்னும் என்ன நின்னுட்டிருக்கே? பெட்டியைத் தூக்கு!"

வார்டன் நலுபேகா போட்ட சத்தத்தில் விடுதி வாசலே அதிர்ந்தது.

"ஆன்ட்டி, ஜூபா ரோட்டை மூடிட்டாங்க. நேத்து பஸ் மேல சுட்டிருக்காங்க. ரோடு திறக்கிற வரைக்கும்..." என்று இழுத்தாள் அயேன்.

"உங்க ஊர்ல சுட்டா அதுக்கு நானா பொறுப்பு? கிறிஸ்துமஸ் லீவுக்கு விடுதியைப் பூட்டணும்னா பூட்டணும். ஒரு ஈ எறும்பு உள்ளே இருக்கக்கூடாது."

"கம்பாலாவுல எனக்கு யாருமே இல்லை ஆன்ட்டி."

"அதுக்கு நான் என்ன, உன் பெரியம்மாவா? சாவியைக் கொடு!"

சற்றுத் தள்ளி, காரில் உட்கார்ந்தபடி விடுதி முதலாளி செபுன்யா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அயேன் சாவியைக் கொடுத்தாள். தெற்கு சூடானிலிருந்து வந்து கால்நடை மருத்துவம் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அதே ரூமில் கூட இருந்த அகெல்லோ முன்னாடியே ஊருக்குப் போய்விட்டாள். "என் சாவியையும் நீயே குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சாவி அயேனின் பைக்குள்ளேயே இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். ஒருவன் வந்து, "எங்கே தங்கப் போறே?" என்று கேட்டான். போனான். திரும்பி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான். இன்னொருவனையும் கைகாட்டிக் கூப்பிட்டான்.

அயேன் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் விடுதிக்கே ஓடி வந்துவிட்டாள்.

துணி துவைக்கிற பக்கம் பின்கதவு திறந்திருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி, அகெல்லோவின் சாவியால் பதினாலாம் நம்பர் ரூமைத் திறந்து, உள்ளே புகுந்து தாழ் போட்டாள்.

மூன்று நாள். விளக்குப் போடவில்லை. குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்தாள். வார்டன் கடைக்குப் போகிற அரைமணி நேரத்தில்தான் கழிப்பறை. ரொட்டி, வேர்க்கடலை, தண்ணீர். தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கீழே வார்டன் போனில் கத்துவது மேலே நன்றாகக் கேட்டது.

"சுத்தமா காலிங்க ஐயா. எவளாவது ஒளிஞ்சிருந்தா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன். யுனிவர்சிட்டிக்கும் எழுதிப் போட்டுருவேன். வெளிநாட்டுப் பொண்ணா இருந்தா படிப்பே போச்சு!"

இவளுக்கு நெஞ்சில் ஈரம் என்று ஒன்று இருக்கிறதா?

கிறிஸ்துமஸ் அன்று பகலில் எங்கோ சர்ச்சில் முரசு அடித்தார்கள். சொந்த ஊர் ரும்பெக்கில் இந்நேரம் அம்மா வெள்ளை உடுத்தி, கொடி பிடித்து, ஊர்வலத்தில் பாடிக்கொண்டு போவாள். அயேனும் பாடினாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

அப்போது வாசலில் கார் ஹாரன்.

"எல்லா ரூமையும் திற. புது வருஷத்துக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி தங்க வருது. நானே பார்த்தாகணும்."

செபுன்யாவின் குரல்!

அயேன் பெட்டியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்தாள். படியில் காலடிச் சத்தம். ஒரு கதவு திறந்தது. மூடியது. அடுத்த கதவு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் பக்கத்தில், இன்னும் பக்கத்தில்.

"பதிமூணு பரவாயில்லை. அடுத்தது?"

கதவின் அடி இடுக்கில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. கைப்பிடி திரும்பியது. அயேன் தன் கையையே கடித்துக்கொண்டாள்.

"இதைத் திறக்காதீங்க ஐயா," என்றாள் வார்டன். "நேத்துதான் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிச்சேன். நெடி தலைக்கு ஏறிடும்."

மருந்தா? நேற்று முழுக்க அயேன் இங்கேதானே இருந்தாள்?

அப்படியென்றால்... வார்டனுக்குத் தெரியும்!

செபுன்யா சிரித்தார். "பண்டிகைக்கு முந்தின நாளும் வேலையா? உன்னை மாதிரி கல்நெஞ்சக்காரி இருக்கிறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன். என்னோட இன்னொரு விடுதியில ஒருத்தி இரக்கப்பட்டுப் பொண்ணைத் தங்க வச்சாளே, அன்னைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பினேன். ஞாபகம் இருக்குல்ல?"

"நல்லா இருக்குங்க ஐயா."

கால்கள் நகர்ந்தன. கார் போனது. கேட்டை இழுத்துச் சாத்துகிற சத்தம்.

அப்புறம் படியில் மறுபடியும் காலடி. இந்தத் தடவை ஒரே ஒரு ஆள்.

முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் வார்டனுக்கும் கெட்ட பெயர். அதனால்தான். இப்போது அவளே போலீஸைக் கூப்பிட்டிருப்பாள்.

கதவு தட்டப்பட்டது.

"அயேன்."

கட்டிலுக்கடியில் பெட்டியை இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"அயேன், கதவைத் திற."

ஊர்ந்து வெளியே வந்து தாழை விலக்கினாள். வார்டனின் முகத்தில் அதே கடுகடுப்பு.

"ஆன்ட்டி... போலீஸ் மட்டும் வேண்டாம். இப்பவே போயிடறேன். என் படிப்பு..."

"போறதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல கையைக் கழுவிட்டுக் கீழே வா. காலையிலேயே ரெண்டு பேருக்குக் கோழி சமைச்சு வச்சுட்டு, நீ பயந்துடாம எப்படிக் கூப்பிடறதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன்."