பெரிய ஆபரேஷன்

"கையெழுத்தெல்லாம் போட முடியாது. எங்க உங்க பெரிய டாக்டரு? கூப்பிடுங்க அவர!"

சிவபாண்டி போட்ட சத்தத்தில் நர்ஸ் இவாஞ்சலின் இரண்டடி பின்னால் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு மொத்தமும் கஞ்சி டம்ளரோடு எட்டிப் பார்த்தது.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அவன் மனைவி யோகேஸ்வரி, "ஏங்க, மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பாக்காக" என்றாள்.

"பாக்கட்டும்ட்டி. நாளைக்கு ஒன் முதுகப் பொளக்கப் போறாக, நான் மெதுவாப் பேசணுமாக்கும்?"

நர்ஸ் நீட்டிய தாளில் 'இடுப்பு முதுகெலும்பு, திறந்த அறுவை சிகிச்சை' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த நிமிஷத்திலிருந்துதான் அவனுக்குக் கொதிப்பு. போன வைகாசியில் அவனோடு லோடு வேன் ஓட்டும் அழகுராஜாவுக்கும் இதே நோய், இதே ஆஸ்பத்திரி. கட்டை விரல் அகலத்துக்கு ஒரு துளைதான் போட்டார்கள். மறுநாளே எழுந்து நடந்தான். இருபத்தைந்தாம் நாள் ராஜபாளையம் ஸ்டாண்டில் வந்து வண்டி எடுத்துவிட்டான். யோகேஸ்வரிக்கு மட்டும் எதற்கு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டும்?

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் சத்தியநேசனே வந்துவிட்டார்.

"என்ன சிவபாண்டி, என்ன விஷயம்?"

"அழகுராஜாவுக்குத் தொள, எம் பொண்டாட்டிக்குக் கிழியலா? காப்பீட்டு அட்டையில வந்தவந்தானன்னு எளக்காரமா? இல்ல, படிக்க வந்த பிள்ளைக வெட்டிப் பழக இவ முதுகுதான் கெடச்சுதா?"

"அழகுராஜாவும் அட்டையிலதான் செஞ்சார்" என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல். "உங்க மனைவிக்கு ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு தேஞ்சு பிதுங்கி, நரம்பை அழுத்துது. அந்த அழுத்தத்தை எடுத்துவிடணும். துளை போட்டும் எடுக்கலாம், திறந்தும் எடுக்கலாம்."

"ரெண்டுல எது நல்லதுன்னு சொல்லுங்க."

"துளைன்னா சதை அதிகமா அறுபடாது. ரத்தம் கம்மி, வலி கம்மி, சீக்கிரமா நடமாடலாம். திறந்து செஞ்சா காயம் ஆறி வேலை செய்ய மூணு மாசம் ஆகும். ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா இவங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"கேட்டியாட்டி! அவரு வாயாலயே சொல்லுதாரு!" சிவபாண்டி வார்டைச் சுற்றிப் பார்த்தான். "பொறவு எதுக்கு இவளப் போட்டு வதைக்கீக?"

பக்கத்துக் கட்டில் நாச்சியார் மோவாயில் கை வைத்தாள். "நியாயமாத்தான கேக்காரு. கொடுத்து வச்சவ தாயி நீ. பொண்டாட்டிக்காக இப்பிடிச் சண்ட போடுத ஆம்பள யாருக்குக் கெடப்பான்?"

யோகேஸ்வரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவபாண்டி மறுபடி டாக்டரிடம் திரும்பினான். "இவ எப்பேர்ப்பட்டவன்னு தெரியுமா சார்? விடியமுன்ன எந்திரிச்சு மூணு மாட்டுலயும் பால் கறந்து, படுத்த படுக்கையா இருக்க எங்கம்மாவத் தூக்கிக் குளிப்பாட்டி, சோறாக்கி வச்சிட்டு, எட்டு மணிக்கு பேண்டேஜ் துணித் தறியில போயி நிப்பா. நாலு வருசமா இடுப்பு வலிக்குங்கா. ஆனா ஒரு நாள் படுத்தது கெடையாது. ஒரு வேல நின்னது கெடையாது. அப்பேர்ப்பட்டவள மூணு மாசம் படுக்கையில போடுதீகளே, நல்லாருப்பீகளா?"

வார்டில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இவாஞ்சலின் கண்கூடக் கலங்கிப் போயிற்று.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துளையே போதும்னு நானும் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், சிவபாண்டி."

"யாருகிட்டச் சொன்னீக? எந்தப் படுபாவி கேக்கல? ஆளக் காட்டுங்க, நான் பேசிக்கிடுதேன்!"

டாக்டர் யோகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நான் சொல்லட்டுமா? இல்ல, நீங்களே சொல்றீங்களா?"

யோகேஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். புருஷனை நேராகப் பார்த்தாள்.

"நாந்தாங்க கிழிக்கச் சொன்னேன். தொள போட்டா இருபத்தஞ்சாம் நாளே என்னய மாட்டுக்கிட்ட அனுப்பிருவீக. ஒரு சாண் தையலக் கண்ணால பாத்தாத்தான் எனக்கு வலிக்குதுன்னு நம்ம வீட்டுல நம்புவீக."