வெள்ளிக்கிழமை விசாரணை

"கேஸை மூடி எவ்வளவோ மாசம் ஆச்சு. அப்புறமும் வெள்ளிக்கிழமை தவறாம அந்த வீட்டுக்குப் போறீங்க. அதுவும் டூட்டி நேரத்துல. ஏன்?"

அஞ்சனா கேட்டதும் ஆபீசர் மார்கஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

டல்லாஸ் பக்கத்தில் மூன்று சின்ன ஊர்கள். மூன்று ஊர் போலீசும் ஒழுங்காக வேலை பார்க்கிறதா, ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்களா என்று சோதிக்க வெளியிலிருந்து வந்த குழுவில் அஞ்சனாவும் ஒருத்தி.

"விசாலாக்ஷி ஆன்ட்டியோட செயின் திருடு போச்சு. மாங்கா டாலர் வச்சது. மத்த ரெண்டு ஊர் ஆபீசர்களையும் கூட்டிக்கிட்டு, போட்டோவோட மூணு ஊர் அடகுக்கடையும் ஏறி இறங்கினேன். கிடைக்கல."

"அதான் மூடியாச்சே?"

"அவங்க எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இன்னும் தேடறோம்னு போய்ச் சொல்லுவேன்."

"பொய்!"

மார்கஸின் கையில் தொப்பி இன்னும் வேகமாகச் சுற்றியது.

"போனா என்ன குடுப்பாங்க?"

"தோசை" என்றார் கூச்சத்தோடு.

ஓசித் தோசைக்காக வயசானவரை ஏமாற்றுவதா? ரிப்போர்ட்டில் எழுதினால் இனி அந்தப் பக்கமே அவரால் போக முடியாது. எழுதத்தான் போகிறாள். அதற்கு முன் ஆன்ட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். அன்று வெள்ளிக்கிழமை.

"அட, தமிழ்ப் பொண்ணா! உட்காரும்மா, தோசை ஊத்தறேன்."

"ஆன்ட்டி, உங்க கேஸை எப்பவோ மூடிட்டாங்க. தேடறோம்னு மார்கஸ் சொல்றது பொய்."

விசாலாக்ஷி அடுப்பைத் தணித்தார். ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு செயினை வெளியே இழுத்தார். மாங்கா டாலர்.

"ஐயோ ஆன்ட்டி, இது..."

"ஊருக்குப் போறப்போ திருடனுக்குப் பயந்து துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சேன். வச்ச நானே மறந்து தொலைச்சேன். பொங்கலுக்கு டப்பாவைக் கழுவறப்போ கிடைச்சுது."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அப்புறம் எதுக்கு வருவான்? பையன் கலிஃபோர்னியாவுலேருந்து தினம் போன் பண்றான்மா. குறை சொல்லக் கூடாது. ஆனா வாசல்ல வந்து பெல் அடிக்கறது இவன் ஒருத்தன்தான். அதைக் கேக்கறதுக்காகவே வெள்ளிக்கிழமை டி.வி.யைக்கூடப் போட மாட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதேம்மா."

பெல் அடித்தது.

"வந்துட்டான்!"

விசாலாக்ஷி ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவைத் திறந்தார். அவசரத்தில் செயினை உள்ளே தள்ள மறந்துவிட்டார்.

மார்கஸின் பார்வை புடவை மேல் ஆடிய மாங்கா டாலரில் விழுந்தது. கடை கடையாகக் காட்டிக் காட்டி அவருக்கு மனப்பாடமான டாலர்.

மிதியடியில் ஷூவை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கிடைக்கல ஆன்ட்டி. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன்."