மொட்டை வால் சேவல்

கொன்ஸ்ரன்ரைன் தூண்டிலை இழுத்தார். இன்னொரு கொடுவா மீன் துள்ளிக்கொண்டு வந்து விழுந்தது.

பக்கத்தில் நின்ற றொமேசுக்கு வயிறு எரிந்தது. அதே நாயாற்றங்கரை, அதே தண்ணீர், அதே தூண்டில். இரைக்குப் பதிலாக இருவரும் கட்டுவதும் கோழி இறகுதான். ஆனால் இவனுடையதை மீன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரேயொரு கொடுவாவையாவது மனைவி டக்சாயினியின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை!

கொன்ஸ்ரன்ரைன் மீனின் வயிற்றைக் கீறி, அது தின்றிருந்த இறாலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மழைத்தண்ணி வந்து இறால் செம்மண் நிறமாக் கிடக்கு. உன்ர வெள்ளை இறகு சரிவராது தம்பி. மீன் எதைத் தின்னுதோ அந்த நிறத்தில கட்டவேணும்."

"உங்களுக்கு மட்டும் அந்த நிறத்தில இறகு எங்கால வருது அண்ணை?"

கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார். "உன்ர வீட்டு வளவுக்கை தேடிப்பார்."

நக்கல்! மீனையும் அள்ளிக்கொண்டு இந்த மனுசனுக்கு நக்கல் வேறு.

றொமேஸ் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். படலையைத் திறந்ததும் சேவல் கூவியது. சில மாதமாக வால் மொட்டையாகித் திரிகிற சேவல். அதுவும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. யார் மேலோ வந்த கோபம் அதன் கழுத்தில் இறங்கியது.

மாதா கோயிலுக்குப் போயிருந்த டக்சாயினி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா, இறகு எரிஞ்ச மணம்?"

"அந்த மொட்டை வாலனை வெட்டிக் கறி வைச்சிட்டன். தோல், இறகு எல்லாம் குப்பையோட கொளுத்தியாச்சு."

அவள் தலையில் கைவைத்துக் குந்திவிட்டாள்.

"ஐயோ! அது தானா மொட்டையாகேல்லை. கொன்ஸ்ரன்ரைன் அண்ணைக்கு நான்தான் இறகு பிடுங்கிக் குடுக்கிறனான். அந்தச் செம்மண் நிறம் இந்த ஊரில வேற ஒரு கோழிக்கும் இல்லையாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவற்ற பேரை எடுத்தாலே பாய்வீங்கள். அவரும், 'சொல்லாதை பிள்ளை, தெரிஞ்சா அவன் கையாலயும் தொடமாட்டான்' எண்டவர்."

"எதைத் தொடமாட்டன்?"

"வெள்ளிக்கு வெள்ளி, சந்தையில வாங்கினதெண்டு நினைச்சுச் சப்புக்கொட்டிச் சாப்பிடுறீங்களே கொடுவாக் குழம்பு, அதைத்தான்."