கோடாலி பேசுவது

"சத்தத்தைக் கேளு பெருசு! கோடாலி பேசுறதைக் கேளு!"

ஐந்து வாரமாக அடேரித்து இதைத்தான் சொல்கிறான். அவன் வாயை மூடினால்தானே கோடாலி பேசுவது கேட்கும்?

பாட்டில் அடைக்கும் தக்கை தரும் மரத்தில் பட்டை உரிக்க எனக்குக் கற்றுத்தருபவன் அவன். அவனுக்கு முப்பத்தொன்று. எனக்கு ஐம்பத்தாறு.

நான் ஓங்கினால் போதும், "தள்ளு, நான் காட்டுறேன்" என்று பிடுங்கிக்கொள்வான். மரம் அழகாக உரிந்துவிடும். உரித்த பட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நான் வண்டிக்கு நடப்பேன். கற்றது அவ்வளவுதான்.

இன்று மேஸ்திரி ஒராசியு பார்க்க, நான் தனியாக ஒரு மரம் உரிக்க வேண்டும். தேறினால் கோடாலி என்னுடையது. உள்தோலில் கீறல் விழுந்தால் மறுபடி சுமைதான். என் இடுப்பு இன்னொரு கோடையைத் தாங்காது.

"காலை அகட்டு. அவ்வளவு இல்ல. மூச்சை விடு. இப்ப விடாத."

"அடேரித்து, தொண்டை காயுது. தண்ணி கொண்டா" என்றேன்.

கூஜா வரிசையின் கடைசி மரத்தடியில் இருந்தது. போனான். போகும்போதும் ஏதோ சொல்லிக்கொண்டேதான் போனான்.

மெல்ல ஒரு வெட்டு.

கேட்டது. உரியத் தயாரான பட்டை உள்ளே காற்று இருப்பதுபோல் ஒலிக்கும் என்பார்கள். இந்த ஒலி வறண்டு, சட்டென்று நின்றது.

கோடாலியைத் தாழ்த்தினேன்.

"வெட்டு பெருசு! ஏன் நிக்கிற? போச்சு, எல்லாம் போச்சு!" கூஜா தளும்ப ஓடிவந்தான்.

ஒராசியு மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இது இன்னிக்குப் பட்டை விடாது. இழுத்திருந்தா மரம் பாழ். நாளையிலிருந்து வெட்டுறவங்களோட நில்லு."

"பாத்தீங்களா, நான் சொல்லிக்குடுத்தது!" என்றான் அடேரித்து.

ஒராசியு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவன் கைவேலை சுத்தம். இந்த வாயை மட்டும் எங்க கத்துக்கிட்டானோ."

நான் குனிந்து கால்சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டினேன்.

"வா அப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றான் அடேரித்து. "அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா பாதிய விட்டுடுவ."

நான் கொத்தனாக இருந்த காலத்தில், பதினாறு வயதில் அவன் வேலைக்கு என்னோடு வந்தான். ஆறு வருஷம் செங்கல் சுமந்தான். ஒருநாள்கூட அவன் கையில் நான் கரணையைக் கொடுத்ததில்லை.